சிங்கப்பூர் லேப்டாப்பும் தா.பழூர் பிளக் பாயிண்டும்

திருச்சி விமான நிலையத்தில் வெளிநாட்டு விமானம் இறங்கியதும் வெளியே வருகிறவர்களின் கைகளைப் பார்த்தால், அந்தக் காலத்தின் ஆசை என்ன என்று தெரிந்துவிடும். முதலில் டேப் ரெக்கார்டர். பிறகு கேமரா, செல்போன். நடுவில் சில வருடங்கள் போர்வையில் சுற்றிய தட்டை டி.வி. 2013 ஆகஸ்டில், அந்த டி.வி.க்குச் சலுகை கிடையாது, வரி கட்ட வேண்டும் என்று அரசு சொன்ன பிறகு அந்தக் கூட்டம் குறைந்தது. லேப்டாப் மட்டும் இன்னும் தோளில் தொங்கியபடி வந்துகொண்டே இருக்கிறது.

தா.பழூரிலும் சுற்றியுள்ள கொள்ளிடக் கரை ஊர்களிலும் காலேஜில் சேரப்போகிற பிள்ளை இருக்கும் வீட்டில், வெளிநாட்டில் ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருந்துவிட்டால் போதும். "இங்க எதுக்கு வாங்கணும்? அங்க பாதி விலை. லீவுக்கு வரும்போது வாங்கிட்டு வரச் சொல்லு" என்ற பேச்சு வந்தே தீரும்.

அந்தப் "பாதி விலை" எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைப்பதில்லை!

லேப்டாப்புக்கு இந்தியாவில் பெரிய சுங்க வரி இருக்கிறது, அதனால்தான் இங்கே விலை அதிகம் என்று பலரும் நம்புகிறார்கள். தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கான உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தில் இந்தியா 1997-ல் சேர்ந்தது. அதன்படி படிப்படியாகக் குறைத்து, கம்ப்யூட்டருக்கான அடிப்படை சுங்க வரி பூஜ்யமாகி வருடங்கள் ஆகிவிட்டன. இங்கே லேப்டாப் விலைக்குள் உட்கார்ந்திருக்கும் பெரிய வரி 18 சதவீத ஜி.எஸ்.டி. அது 2017 ஜூலையில் வந்தது.

வெளிநாட்டிலும் வரி உண்டு. சிங்கப்பூரில் அதற்கும் ஜி.எஸ்.டி. என்றுதான் பெயர். 2007 முதல் 7 சதவீதமாக இருந்தது 2023-ல் 8, 2024 ஜனவரியில் 9 ஆனது. துபாய் இருக்கும் அமீரகத்தில் 2018-லிருந்து 5 சதவீத வாட். சவூதியில் அதே 2018-ல் 5 என்று ஆரம்பித்து, 2020 ஜூலையில் ஒரே தாவலில் 15 ஆக்கிவிட்டார்கள். குவைத், கத்தார் இரண்டிலும் வாட் வரவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரி சேர்க்காத விலை 57,800 ரூபாய் என்று ஒரு லேப்டாப். எல்லா நாட்டிலும் கம்பெனி அதே விலைக்குத்தான் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் வரியோடு சுமார் 68,200. சிங்கப்பூரில் 63,000. சவூதியில் 66,500. அமீரகத்தில் 60,700. குவைத்தில் 57,800. ஆக, சிங்கப்பூரில் மிச்சம் 5,200 ரூபாய். சவூதியில் 1,700. அதிகபட்சமாகக் குவைத்தில் 10,400. இது வரி வித்தியாசம் மட்டும்தான். உண்மையில் ஒவ்வொரு நாட்டுக்கும் கம்பெனி வேறு வேறு விலை வைக்கும், கடைக்காரர் வேறு லாபம் வைப்பார். சில மாடல்களில் வித்தியாசம் இதைவிட அதிகமாக இருக்கும், சிலவற்றில் இந்தியாவே மலிவாக இருக்கும். ஆயுத பூஜை, தீபாவளி சமயத்தில் ஆன்லைன் கடைகள் போடும் தள்ளுபடியில் இந்த 5,200 பல தடவை கரைந்துபோகிறது.

இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் மாணவர்களுக்கென்று விற்கும் லேப்டாப் பலவற்றில் வேர்டு, எக்செல் அடங்கிய ஆபீஸ் தொகுப்பு வாழ்நாள் உரிமத்தோடு உள்ளேயே வருகிறது. வெளிநாட்டுப் பெட்டியில் பெரும்பாலும் அது இருக்காது, அல்லது சில நாள் சோதனைக்கு மட்டும் இருக்கும். விலையை ஒப்பிடுகிறவர்கள் மெமரியையும் பிராசசரையும் பார்ப்பார்கள், இதைப் பார்க்க மாட்டார்கள். முதல் செமஸ்டர் அசைன்மெண்டை டைப் அடிக்க உட்காரும்போதுதான் தெரியவரும்.

சிங்கப்பூர் விஷயத்தில் கோபம் வர வைக்கும் ஒன்று உண்டு. சுற்றுலாப் பயணி 100 வெள்ளிக்குக் குறையாமல் பொருள் வாங்கினால், கட்டிய ஜி.எஸ்.டி.யை விமான நிலையத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கொஞ்சம் கட்டணம் கழித்துக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். ஆனால் வாங்குகிற நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் சிங்கப்பூரில் வேலை பார்த்தவருக்கு அது கிடையாது. ஒரு வாரம் ஊர் சுற்ற வந்தவர் சலுகை விலையில் வாங்குகிறார். அந்த ஊரின் சுரங்க ரயிலையும் அடுக்குமாடியையும் வெயிலில் நின்று கட்டுகிற தா.பழூர்க்காரர் முழு வரியோடு வாங்குகிறார். முஸ்தபா சென்டரில் ஒரே வரிசையில் நின்று, ஒரே பொருளை, ஒரே நேரத்தில் வாங்கினாலும் இதுதான் நிலைமை. "அங்கே வரி திரும்பக் கிடைக்குமாமே" என்று ஊரில் சொல்பவர்கள் சுற்றுலா போய் வந்தவர்களின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்கள். வேலைக்குப் போனவரின் கதை அது அல்ல.

ரூபாய் மதிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2005 வாக்கில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி 26, 27 ரூபாய். 2024-ல் 62, 63 ரூபாய். ஊரில் இருப்பவர்கள் வெள்ளியை ரூபாயாக்கி விலை சரியா என்று பார்க்கிறார்கள். வாங்குகிறவர் அப்படிப் பார்ப்பதில்லை. 1,000 வெள்ளி என்றால் எத்தனை நாள் ஓவர்டைம் என்றுதான் அவர் மனசுக்குள் கணக்கு ஓடும். மாதம் சாப்பாடு, செலவு எல்லாம் போக 500 வெள்ளி மிஞ்சுகிறது என்றால், அந்த லேப்டாப் அவருடைய இரண்டு மாதச் சேமிப்பு. அதே பணத்தை ஊருக்கு அனுப்பி இங்கே வாங்கினாலும் அதே இரண்டு மாதம்தான். சரி, ஒரு வாரம் கூட ஆகலாம். இவ்வளவு நெருக்கமான வித்தியாசத்துக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால் கொண்டுவரும் சட்டத்தைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அதில்தான் வதந்தி அதிகம். 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பை வரி இல்லாமல் கொண்டுவரலாம் என்று 2004 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தது. மற்றப் பொருட்களுக்கு உள்ள வரம்பில் இது சேராது. "ஒரு" என்ற சொல்லை மட்டும் அழுத்திப் படிக்க வேண்டும். இரண்டாவது லேப்டாப் பொது வரம்புக்குள் போய்விடும். அந்த வரம்பு 2016 விதிகளில் 50,000 ரூபாய், 2026 பிப்ரவரியில் 75,000 ஆனது. தன் பிள்ளைக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டார் என்று இன்னொன்று, கூடவே இரண்டு செல்போன், கொஞ்சம் நகை என்று வருகிறவர் கவுண்டரில் வியர்த்துப்போய் நிற்பது இதனால்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு மிச்சம், வரி கட்டுவது இவர்!

2023 ஆகஸ்ட் 3-ம் தேதி லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று ஓர் அறிவிப்பு வந்தபோது, "இனிமேல் வெளிநாட்டிலிருந்து லேப்டாப்பே கொண்டுவர முடியாது" என்று வாட்ஸ்அப்பில் பறந்தது. அது வியாபாரத்துக்காக இறக்குமதி செய்பவர்களுக்கு. பயணி பையில் கொண்டுவருவதற்கு அந்த அறிவிப்பிலேயே விலக்கு இருந்தது.

வீடு வந்து சேர்ந்தாயிற்று. பெட்டியைப் பிரித்தால் பிளக்கில் மூன்று தட்டையான தகடு. சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் எல்லாம் பிரிட்டிஷ் வழி வந்த அந்தச் சதுர பிளக். நம் சுவரில் மூன்று உருண்டைத் துளை. உடனே ஜெயங்கொண்டத்திலோ கும்பகோணத்திலோ ஒரு கன்வர்ட்டர் வாங்கி மாட்டுவார்கள். மலிவான கன்வர்ட்டர்களில் பல இரண்டு பின்னோடு இருக்கும். எர்த் பின் பெயருக்கு இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. உலோக உடம்புள்ள லேப்டாப்பை அதில் சார்ஜ் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு தொட்டால் விரலில் சுர்ரென்று ஒரு நடுக்கம் தெரியும். சிமெண்ட் தரையில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு அது நன்றாகவே தெரியும். "கரண்ட் அடிக்குது, பீஸ் டூப்ளிகேட் போல" என்று பேச்சு கிளம்பும். பீஸில் குற்றம் இல்லை.

இதற்குத் தீர்வு ரொம்பச் சுலபம். சார்ஜர் என்பது இரண்டு பாகம். நடுவில் இருக்கும் கறுப்புப் பெட்டி ஒன்று, அதிலிருந்து சுவருக்குப் போகும் வயர் ஒன்று. அந்த வயர் பெட்டியில் சொருகும் முனை, மூன்று இதழ் மாதிரி இருக்குமே, அது பெரும்பாலான லேப்டாப்களுக்குப் பொது. லேப்டாப் பவர் கார்டு என்று கேட்டு, இந்திய மூன்று பின் உள்ள ஒன்றை வாங்கி அதில் சொருகிவிட்டால் கன்வர்ட்டரே வேண்டாம். கறுப்புப் பெட்டியின் முதுகில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்றைய லேப்டாப் சார்ஜரில் அனேகமாக இருக்கும். அமெரிக்காவின் 120 வோல்ட்டிலும் ஜப்பானின் 100 வோல்ட்டிலும் விற்கும் லேப்டாப் நம் 230-ல் எரியாமல் ஓடுவது அதனால்தான். (அந்த நம்பிக்கையில் அமெரிக்க மிக்ஸியைச் சொருகிவிடாதீர்கள்!) சுவரில் நேராகச் சொருகும் டைப்-சி சார்ஜராக இருந்தால் வயரை மாற்ற முடியாது. அதற்கு இந்தியச் சார்ஜரே தனியாக வாங்குவது நல்லது. அது சில ஆயிரம் ரூபாய்ச் செலவு, மேலே சொன்ன 5,200-லிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

வளைகுடாவிலிருந்து வரும் லேப்டாப்பில் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் அரபி எழுத்து இருக்கும். அதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. விண்டோஸ் 10-ல் 2019 முதல் தமிழ்99 கூடவே வருகிறது, எந்த நாட்டு லேப்டாப்பிலும் அதைப் போட்டுக்கொள்ளலாம். தமிழ்99 பழகியவர் கீபோர்டைக் குனிந்து பார்ப்பதும் இல்லை. விற்கும்போது விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

உண்மையான செலவு ரிப்பேரில் இருக்கிறது.

2011 செப்டம்பர் 15-ம் தேதி தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஆரம்பித்தது. அடுத்த சில வருடங்களில் அரசுப் பள்ளி இருக்கிற ஊரிலெல்லாம் தெருவுக்குத் தெரு அந்த லேப்டாப் வந்துவிட்டது. அவற்றைப் பற்றி ஆயிரம் கிண்டல் உண்டு: மெதுவாக ஓடும், மூடியில் முதல்வர் படம் இருக்கும், படம் பார்க்கத்தான் உதவும் என்றெல்லாம். ஆனால் அந்த லேப்டாப்புக்கு ஒரு பெரிய பலம் இருந்தது. ஒரே மாதிரி நூறு பேரிடம் இருந்தது. ஒருவனுக்குச் சார்ஜர் போனால் பக்கத்துத் தெரு நண்பனிடம் கடன் வாங்கலாம். ஒன்றின் மதர்போர்டு செத்தால் அதன் டிஸ்ப்ளே இன்னொன்றுக்கு உயிர் கொடுக்கும். ஜெயங்கொண்டத்தில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அந்த மாடலின் நோய் எல்லாம் அத்துப்படி, ஏனென்றால் அதே நோயோடு போன வாரம் பத்து வந்திருக்கும்.

மாமா வாங்கி வந்த லேப்டாப் ஊரில் ஒற்றை ஆள். அந்த மாடல் இந்தியாவில் விற்காததாகவே இருக்கலாம். வெளியே அதே கம்பெனிப் பெயர் இருக்கும், உள்ளே போர்டு வேறாக இருக்கும். கீ ஒன்று கழன்றால் அதற்குப் பொருந்தும் கீபோர்டைத் தேடி வரவழைக்க வேண்டும். ஹின்ஜ் உடைந்தால், "இருங்க பார்ப்போம்" என்று வாங்கி வைத்துக்கொண்டு மூன்று வாரம் கழித்து அப்படியே திருப்பிக் கொடுப்பார்கள். பையனுக்குத் திறமை இல்லை என்று அர்த்தம் இல்லை. பாகம் இல்லை.

வாரண்டி இருக்கிறதே என்பார்கள். எந்த வாரண்டி? ஆப்பிள் மேக் வேறு நாட்டில் வாங்கியிருந்தாலும் ஒரு வருட வாரண்டியை இங்கே பார்க்கிறார்கள். லெனோவா, ஏசர் போன்றவை சில மாடல்களுக்கு மட்டும் சர்வதேச வாரண்டி தருகின்றன, சிலவற்றுக்குத் தருவதில்லை. டெல்லில் லேப்டாப் வேறு நாட்டுக்கு வந்துவிட்டது என்று பதிவை மாற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். கடையில் நின்றுகொண்டு, "இன்டர்நேஷனல் வாரண்டியா அண்ணே?" என்று கேட்டால் எல்லாக் கடைக்காரரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார். பில்லில் எழுதித் தரச் சொன்னால்தான் உண்மை தெரியும். சிங்கப்பூரில் "லோக்கல் செட்", "எக்ஸ்போர்ட் செட்" என்று இரண்டு வகை சொல்வார்கள். எக்ஸ்போர்ட் செட் கொஞ்சம் மலிவு. வேறு நாட்டுச் சந்தைக்குப் போகவேண்டியது அது. பல சமயம் அதற்குக் கம்பெனி வாரண்டி கிடையாது, கடை வாரண்டிதான். கடை வாரண்டி என்றால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கே போக வேண்டும். தா.பழூரிலிருந்து!

வாரண்டி என்ற வார்த்தையை வைத்தே ஏமாற்றிய கதையும் அங்கே நடந்திருக்கிறது. 2014 நவம்பரில் சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரில், வியட்நாமிலிருந்து சுற்றுலா வந்த ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி 950 வெள்ளி கொடுத்து ஐபோன் வாங்கினார். பணத்தைக் கட்டிய பிறகு, வாரண்டிக்கு இன்னும் 1,500 வெள்ளி கொடுத்தால்தான் போனைத் தருவோம் என்றார்கள். அந்த மனிதர் மண்டியிட்டு அழுத காட்சி உலகம் முழுக்கப் பரவியது. மறு வருடம் கடை முதலாளி ஜெயிலுக்குப் போனார். எல்லாக் கடையும் இப்படி இல்லை. ஆனால் மொழி சரியாகத் தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் லீவில், கையில் ரொக்கத்தோடு அவசரமாகப் பேரம் பேசுகிற தொழிலாளியின் நிலைமை அந்த வியட்நாம்காரர் நிலைமைக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தா.பழூர் பக்கத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜர் பொய்யான ஆவணங்களோடு வெளிநாடு போனவர். ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அவரை வாங்கியது. 2014 செப்டம்பரில் அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். கடவுளுக்கே காகிதம் கேட்கிற உலகம் இது. லேப்டாப் பெட்டி இடத்தை அடைக்கிறது என்று பெட்டியோடு பில்லையும் ஹாஸ்டல் குப்பையில் போட்டுவிட்டு வருகிறவர்களை என்ன சொல்வது?

இதையெல்லாம்விட வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. வெளிநாட்டு லேப்டாப் கெட்டுப்போனால் அதை வாங்கிக் கொடுத்தவரிடம் யாரும் சொல்வதில்லை. "மாமா மனசு கஷ்டப்படும்" என்று மறைத்துவிடுவார்கள். போனில் அவர் "லேப்டாப் நல்லா ஓடுதாப்பா?" என்று கேட்பார். "சூப்பரா ஓடுது மாமா" என்று பதில் போகும். லேப்டாப் பீரோ மேல் துணி மூடிக் கிடக்கும். பிள்ளை ஃபைனல் இயர் ப்ராஜெக்டை நண்பன் லேப்டாப்பில் செய்துகொண்டிருக்கும். மாமாவும் நல்லபடியாக ஓடுகிறது என்று நம்பி, அடுத்த லீவில் தங்கச்சி பையனுக்கும் அதே கடையில் அதே மாடல் வாங்கி வருவார். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இரண்டாவது ஓவர்டைம் பணமாவது தப்பித்திருக்கும்.

வெளிநாட்டில் வாங்கவே கூடாதா? அப்படி இல்லை. வரி இல்லாத குவைத்தில், கத்தாரில் இருப்பவர். இந்திய விலைக்கும் அங்கே உள்ள விலைக்கும் பெரிய வித்தியாசம் உள்ள மேக் மாதிரி ஒன்று. அதே மாடல் எண் இந்தியாவிலும் விற்கிறது. சர்வதேச வாரண்டி பில்லில் எழுதியிருக்கிறது. இவ்வளவும் சேர்ந்தால் தாராளமாக வாங்கலாம். வித்தியாசம் பத்தாயிரத்துக்குக் கீழே என்றால் பணத்தை அனுப்பச் சொல்லி இங்கேயே வாங்குவதுதான் புத்திசாலித்தனம். திருச்சியிலோ கும்பகோணத்திலோ சர்வீஸ் சென்டருக்குக் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

எந்த லேப்டாப் என்பதை மாமாவின் தலையில் கட்டாமல், படிக்கப்போகிற பிள்ளையே முடிவு செய்ய வேண்டும். என்ன கோர்ஸ், என்ன சாப்ட்வேர், இங்கே யார் ரிப்பேர் பார்ப்பார்கள் என்பது பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து கடைக்கு ஓடுகிற மனிதருக்கு எப்படித் தெரியும்? கடையில் நிற்கும்போது பெட்டியின் பக்கவாட்டில் உள்ள ஸ்டிக்கரை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் போதும். அதில் முழு மாடல் எண் இருக்கும். அதை கம்பெனியின் இந்திய இணையதளத்தில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த எண் அங்கே வரவில்லை என்றால், "வேண்டாம் மாமா, வெறும் கையோட வாங்க" என்று சொல்லிவிடலாம்.